நாக்கை வெட்டும் முன் பால் குடிப்பதைப் பாருங்கள்



கைக்குழந்தை பால் குடிக்க முடியாமல் அழுதால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இராது. தாய்க்கும் மார்புக் காம்பு புண்ணாகிவிடும். உடனே அக்கம்பக்கத்தார், "நாக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு, டவுனுக்குக் கொண்டுபோய் வெட்டிடுங்க" என்பார்கள்.

எங்கள் தோட்டத்தில் மூன்று வாரக் குழந்தை ஒன்றுக்கு இப்படித்தான் நடந்தது. தாயும் பாட்டியும் பட்டணத்தில் ஒரு தனியார் இடத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் வாயைத் திறந்து பார்த்தார். "இன்றைக்கே வெட்டலாம்" என்று கட்டணத்தைச் சொன்னார். குழந்தை பால் குடிப்பதை அவர் பார்க்கவே இல்லை. பாட்டி, "யோசித்துச் சொல்கிறோம்" என்று திரும்பிவிட்டார்.

மறுநாள் அரசாங்கக் கிளினிக்கில் தாதி குழந்தையை எடை போட்டார். தாயைப் பால் கொடுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். குழந்தை காம்பின் நுனியை மட்டுமே கவ்வியது. குழந்தையை வயிற்றோடு வயிறு சேர்த்து அணைக்கவும், வாயை அகலத் திறக்கும்போது மார்போடு சேர்க்கவும் கற்றுக்கொடுத்தார். சில நாளில் வலி குறைந்தது, எடையும் ஏறியது. அந்தக் குழந்தைக்கு வெட்டு தேவைப்படவில்லை.

எல்லாக் குழந்தைக்கும் இப்படியே முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. நாக்கின் அடியில் உள்ள மெல்லிய சவ்வு எல்லாருக்கும் உண்டு. சிலருக்கு அது குட்டையாகவோ தடிப்பாகவோ இருந்து நாக்கை அசைய விடாது. அப்படி இருந்து, பால் கொடுக்கும் முறையைத் திருத்திய பிறகும் சிரமம் நீடித்தால், வெட்டுவது உதவலாம். காக்ரேன் என்ற அனைத்துலக ஆய்வு அமைப்பு 2017இல், 302 குழந்தைகள் பங்கு கொண்ட ஐந்து சோதனைகளை ஆராய்ந்தது. வெட்டியபின் தாயின் வலி சில காலத்துக்குக் குறைந்தது. ஆனால் குழந்தை குடிப்பது எல்லாச் சோதனைகளிலும் ஒரே மாதிரி முன்னேறவில்லை. நாக்குச் சவ்வு குட்டையான குழந்தைகளில் பாதிக்கும் குறைவானோருக்கே பால் குடிப்பதில் சிரமம் வருகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2024இல் கூறியது. பின்னாளில் பேச்சு வராது என்ற பயத்தால் மட்டும் வெட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் நல்ல சேவையை எப்படி அறிவது? இங்கிலாந்தில் இந்தச் சேவை நடத்தும் தனியார் அரசு ஆணையம் ஒன்றில் பதிந்துகொள்ள வேண்டும். ஆணையத்தார் நேரில் போய்ச் சோதிப்பார்கள். நம் நாட்டிலும் தனியார் சுகாதாரச் சேவைகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டம் 2006 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே தாய்மார்களே, கூச்சப்படாமல் கேளுங்கள்:

கிளினிக் பதிவு பெற்றதா? மருத்துவரிடம் இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் உண்டா? வெட்டும் முன் குழந்தை குடிப்பதைப் பார்ப்பார்களா? பிறந்தபோது வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா என்று விசாரிக்கிறார்களா? வெட்டியபின் யார் வந்து பார்ப்பார்கள்? இரத்தம் நிற்காவிட்டால் யாரை அழைப்பது? லேசரால் செய்தால் மேல் என்று சொல்லி அதிகப் பணம் கேட்டால், அது மேலானது என்று நிரூபிக்கப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொள்பவரிடம் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் நகத்தாலோ பிளேடாலோ வெட்டவே கூடாது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கவும் கூடாது.

குழந்தை எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, வெட்டிய இடத்தில் இரத்தம் நிற்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். குளுவாங், சிகாமட், மூவார், ஜொகூர் பாரு என எங்கிருந்தாலும் அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அந்தப் பாட்டி பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்லர். "பிள்ளை பால் குடிக்கிறதைப் பார்க்காமல் எப்படி வெட்டுவாங்க?" என்று மட்டும் கேட்டார். நாம் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.