பிறந்தநாளும் மரண அறிவித்தலும் ஒரே குரலில்



ஊர் எழும்ப முன்னம் எழும்புகிறவன் கமக்காரன் என்பார்கள். அவனுக்கும் முன்னம் எழும்பினவர் ஒருவர் இருந்தார்: இலங்கை வானொலியின் காலைநேர அறிவிப்பாளர். கொழும்பு டொரிங்டன் சதுக்கத்துக் கலையகத்துக்குள் இருட்டோடு போய், இசைத்தட்டுகளை அடுக்கி வைத்து, ஒலிவாங்கிக்கு முன்னால் குந்தினாரென்றால், முழங்காவிலிலும் பூநகரியிலும் அடுப்படியில் தேநீர் கொதிக்கும்போது அவர் குரல் கேட்டது.

அந்தக் குரலுக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லவேண்டும், மரண அறிவித்தலும் வாசிக்கவேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிரித்த வாயாலேயே செத்தவரின் ஊரையும் பெயரையும் தகனநேரத்தையும் பிசகில்லாமல் சொல்லவேண்டும். தொலைபேசி இல்லாத வன்னியில் தாய்மாமன் செத்த சேதி வந்தது வானொலியில்தான். ஒரு ஊர்ப்பெயர் தவறினால், உரித்துக்காரன் செத்தவீட்டுக்குப் போகமாட்டான். அவ்வளவு பொறுப்பு அந்தத் தொண்டையில் இருந்தது!

ராஜேஸ்வரி சண்முகம் அந்தப் பொறுப்பைச் சுமந்தவர். வானொலி நாடகத்தில் நடித்துப் பழகிய குரல் அவருடையது. ‘பொங்கும் பூம்புனல்’ அவர் குரலில் வந்த காலைகளை இந்தச் சபையில் நரைத்த தலை எல்லாம் அறியும். 2012 மார்ச்சில் அவர் மறைந்தபோது கடல்கடந்த தமிழரெல்லாம் கலங்கினார்கள்.

தமிழ்நாடும் எங்கள் அறிவிப்பாளருக்குக் காது கொடுத்தது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடை போட்டார். ராமேஸ்வரமும் மதுரையும் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பின. எஸ்.பி. மயில்வாகனனின் தமிழை அங்கே தேநீர்க்கடைகள் கொண்டாடின. பிறகு காரைநகர் தந்த கே.எஸ். ராஜா வந்தார், மூச்சு விடாத வேகத்தோடு! 1989இல் அவரைக் கொழும்பில் கொன்றார்கள். பாட்டுப் போட்டு மக்களைச் சிரிக்கவைத்த மனிதன் அவர்.

இன்றைக்குச் சிலர் ஒலிவாங்கியைப் பிடிக்கிறார்கள். பாட்டின் பல்லவி முடியமுன் குறுக்கே விழுகிறார்கள், ழகரமும் ளகரமும் அவர்களிடம் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. பேர் சொல்லத் தேவையில்லை. வேகம் ராஜாவிடமும் இருந்தது. ஆனால் அந்த வேகத்திலும் ஒரு எழுத்து நசுங்கவில்லையே! தமிழைப் பிழையின்றிச் சொல்வதுதான் அறிவிப்பாளனின் முதல் வேலை. அதைச் செய்யாதவனுக்கு அந்தக் கதிரை எதற்கு?

சரி, அவர்களை விடுவோம். இந்த வன்னி மண்ணின் கதைக்கு வருவோம்.

தொண்ணூறுகளில் வன்னிக்கு மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. அப்போது சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் இருந்து வானொலிக்கு வயர் கொழுவி, ஒரு பெடியன் பெடலைச் சுற்றுவான். அவன் கை களைத்தால் செய்தி அறுந்துபோகும். ‘சுத்தடா, சுத்தடா’ என்று கிழவர்கள் கத்துவார்கள். கொழும்பிலே அறிவிப்பாளருக்குக் கிடைத்த புகழில் பாதி அந்தப் பெடியனுக்குச் சேரவேண்டும். எந்தப் புத்தகத்திலும் அவனுக்கு ஒரு வரி இல்லை.

2007 நவம்பர் 27. கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தின் மீது விமானம் குண்டு போட்டது. அறிவிப்பாளர் இசைவிழி செம்பியனோடு நிலையப் பணியாளர் இன்னும் இருவர் அங்கே மாண்டார்கள். யுனெஸ்கோ பணிப்பாளர் நாயகம் மட்சூரா அதைக் கண்டித்தார். எந்தப் பக்கத்து வானொலியானாலும், ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தவர் கையில் துவக்கு இல்லை.

இவர்களின் குரலெல்லாம் இப்போது எங்கே? இதுதான் நெஞ்சைக் குடைகிற கேள்வி. யூடியூபில் இன்று கேட்கிற ராஜாவின் குரலில் பெரும்பங்கு ரசிகர்கள் வீட்டில் கசெட்டில் பதிந்து வைத்தது. அரசாங்கமோ அமைச்சோ மக்களிடம் கொண்டுவந்து தந்ததல்ல! வன்னிச் சனத்திடம் அந்தக் கசெட்டும் மிஞ்சவில்லை. 2008இல் போருக்கு அஞ்சிக் கூரைத் தகட்டைக்கூடக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடினவர்கள், எத்தனையோ பெட்டிகளை வழியில் விட்டார்கள்.

ஆனாலும் வெளிநாட்டில் இருக்கிற மகனிடம், யாழ்ப்பாணத்து மச்சாளிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு அலுமாரி மூலையில் பூஞ்சணம் பிடித்த ஒரு கசெட் கிடக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துப் புத்தகங்களையும் ஒலிப்பதிவுகளையும் எண்ணிமப்படுத்தி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. அந்தக் கசெட்டை அவர்களிடம் சேர்ப்பியுங்கள். நாடாவைச் சுற்றிப் பார்க்கிறோம் என்று வீட்டில் பழைய பெட்டியில் போட்டு அறுத்துவிடாதீர்கள். உறையில் எழுதியிருக்கும் திகதியையும் நிகழ்ச்சிப் பெயரையும் அழியாமல் அப்படியே கொடுங்கள்.