மருத்துவத்தின் நான்காம் கூறு
(வருடாந்த ஒன்றுகூடலில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"படித்து முடித்து என்ன உத்தியோகம் பார்க்கப் போகிறீர்கள்?" என்று எங்களைக் கேட்போர் வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர் என்ற மறுமொழியையே எதிர்பார்க்கின்றனர். அவ்வரிசையில் இடம்பெறாத ஒரு தொழிலைப் பற்றி இன்று பேச வந்துள்ளோம். முதியோரையும் நோயாளரையும் அவர்தம் இல்லத்திலேயே பராமரிக்கும் தொழில் அது.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. முதல் மூன்றையும் நாம் போற்றுகின்றோம், நான்காமவனை மறந்தோம். அவனுக்கு வேண்டியனவாகப் பரிமேலழகர் அன்பு, தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு ஆகியவற்றைக் கூறுகின்றார். இன்றைய பயிற்சியும் இந்நான்கனுள் அடங்கும்.

அன்பென்பது எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவதன்று. பாரிசவாதம் கண்ட பெரியவர் ஒரு கையால் உணவுண்ண இயலுமாயின், தாமதமானாலும் அவரையே உண்ணவிடுதல் வேண்டும். தூய்மையென்பது, நோயாளரைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரமிட்டு 20 விநாடியேனும் கைகழுவுதல். அவ்வீட்டில் கண்டதைக் கிணற்றடியில் பேசாதிருத்தலும் தூய்மையே. சொல்லியவாறு செய்தலாவது, வைத்தியர் குறித்த மருந்தைக் குறித்த நேரத்தில் கொடுத்து, தாமாகக் கூட்டாமலும் குறைக்காமலும் இருத்தல்.

அறிவோ காரணம் தெரிந்து செய்வது. படுக்கையிலேயே கிடப்பவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுகிறோம். இல்லையேல் இடுப்பிலும் குதிக்காலிலும் இரத்தவோட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகும். உணவூட்டும்போது நிமிர்த்தி உட்காரவைக்கிறோம். படுத்தபடி ஊட்டினால் உணவு சுவாசக்குழாயுட் செல்லக்கூடும். வாய் ஒருபுறம் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறினால் விடியுமட்டும் காத்திராது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க வேண்டும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கையருள் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதை எட்டியோராயிருந்தனர். அத்தொகை பின்னர் இன்னும் பெருகிவிட்டது. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, பெரிய வீட்டில் தாயும் தந்தையும் தனித்திருப்பது எம்மூர்களில் புதுமையன்று. பணம் வருகிறது, எழுப்பி உட்காரவைக்க ஒரு கை இல்லை. மறுபுறம் வேலையின்றி இளைஞர் பலர் நிற்கின்றனர்.

"பிறர் மலசலம் எடுப்பதும் ஒரு வேலையா?" எனச் சிலர் கேட்பர். அதே வேலைக்கு யப்பானுக்கோ இஸ்ரேலுக்கோ ஒருவர் புறப்பட்டால் அவர்களே மாலையிட்டு வழியனுப்புவர்! கடல் கடந்தால் கௌரவமாகும் தொழில், அயல்வீட்டில் செய்தால் மட்டும் இழிவாவது எங்ஙனம்?

இதில் இறங்க விரும்புவோர் பராமரிப்பாளருக்குரிய தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ்ப் பயிற்சியை நாடுக. வீட்டிலே பல்லாண்டு நோயாளரைப் பார்த்த சகோதரிகளின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. வேலை ஏற்குமுன் நேரம், ஓய்வுநாள், சம்பளம் ஆகியவற்றை எழுத்தில் பெறுக. பெரியோர்களே, நோயாளரைப் பார்க்க வந்தவரை வீடு முழுவதற்கும் சமையலாளும் சலவையாளும் ஆக்காதீர்கள். பெயர் சொல்லி அழையுங்கள். உரிய சம்பளத்தை உரிய நாளிற் கொடுங்கள்.

மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு வைத்தியர் கிறீனின் பெயர் பழக்கமானது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; நூல்களையும் தமிழில் ஆக்கினார். வைத்தியக் கல்வியே தமிழில் இயன்றதாயின், பராமரிப்புக் கல்வி இயலாதா? எம் சங்கம் தாதியர் ஒருவரின் துணையுடன் வார இறுதி வகுப்பொன்றைத் தொடங்கட்டும். அதன் முதல் வாங்கில் அமர நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம்.