அரசாங்க ஊழியருக்குச் சங்கம் எதற்கு?

தோட்டத்துப் பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைத்தால் அந்த வீட்டில் திருநாள்தான். "இனி என்ன கவலை? சங்கம், சந்தா எல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. "மக்கள் பணத்தில் சம்பளம் வாங்குவோர் வேலையை நிறுத்தினால் மக்கள்தானே அவதிப்படுவார்கள்?" என்போரும் உண்டு. இவ்விரு கேள்விகளையும் இன்று சிந்திப்போம்.

தெபோங், பத்தாங் மலாக்கா, பூலாவ் செபாங் வட்டாரத்தில் வாழ்வோர் இரயில் பாதையை நன்கு அறிவர். இந்நாட்டின் இரயில்வேயில் உழைத்தவர்களுள் தமிழர் மிகப் பலர். அரசாங்க வேலையாயிருந்தும் அவர்களில் பலருக்கு நாள் சம்பளமே கிடைத்தது. மழை பெய்து பால்வெட்டு நின்றால் அன்றைய வருமானமும் நின்றுபோகும் துன்பத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள் சம்பளத்தை மாதச் சம்பளமாக்கக் கோரி, 1962 டிசம்பரில் இரயில்வே தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது 22 நாட்கள் நீடித்தது. அரசாங்க வேலை என்ற பெயர் மட்டும் அடுப்பை எரிய வைக்காது என்பதை நாடே அன்று அறிந்தது.

தோட்டத்தில் முதலாளி ஒருவர். சட்டம் செய்பவர் வேறொருவர். அரசாங்க வேலையிலோ சம்பளம் கொடுப்பதும் சட்டம் செய்வதும் ஒரே கைதான். அந்தக் கையின் முன் தனி ஊழியர் ஒருவரின் குரல் எடுபடுமா? அதனால்தான் அங்கும் சங்கம் வேண்டும். அரசாங்க ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் 1957-இல் தோன்றியது.

ஆனால் அந்த உரிமைக்கு எல்லைகளும் உண்டு. போலீசாரும் சிறைத்துறையினரும் இராணுவத்தினரும் தொழிற்சங்கத்தில் சேர 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் இடந்தரவில்லை. 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் கூட்டுப்பேரப் பகுதி அரசாங்கச் சேவைக்குப் பொருந்தாது. கூட்டு மன்றங்களில் ஊழியர் தரப்பு பேசலாம், முடிவு அரசாங்கத்தினுடையதே.

மருத்துவமனை, தண்ணீர், மின்சாரம் போன்ற சேவைகள் திடீரென நின்றால் ஏழைகளே முதலில் வாடுவர். ஆகவே வேலைநிறுத்தத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பது நியாயமே. ஆயினும் ஒருவரின் கையைக் கட்டினால், அவர் முறையீட்டைக் கேட்க நடுநிலையான ஒருவரையும் அமர்த்த வேண்டுமல்லவா? இதைத்தான் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 1978-ஆம் ஆண்டு 151-ஆம் உடன்படிக்கையும் வலியுறுத்துகிறது: அரசாங்க ஊழியரின் தகராறுகளைப் பேச்சுவார்த்தை வழியாகவோ, இரு தரப்பும் நம்பத்தக்க நடுவர் வழியாகவோ தீர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசாங்க மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் துப்புரவு செய்யும் நம் சகோதரிகள் பலர் குத்தகை நிறுவனங்களின் தொழிலாளர்கள். கட்டடம் அரசாங்கத்தினுடையது; சம்பளம் கொடுப்பவர் குத்தகைக்காரர். அவர்களுக்குத் தனியார் துறைக்குரிய சட்டமே பொருந்தும். சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசவும் அது இடமளிக்கிறது.

எனவே, பிள்ளையின் கையில் வேலைக் கடிதம் வந்ததும் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். முதலாளி யார்? சம்பளம் நாளுக்கா, மாதத்துக்கா? அந்த வேலைக்குரிய சங்கம் எது? சந்தா கட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. கூட்டத்துக்குப் போக வேண்டும். கணக்கைக் கேட்க வேண்டும். மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். உறுப்பினர் உறங்கினால் சங்கமும் உறங்கும்.