இரவற் சில்லும் இயங்கா ஊர்தியும்



தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்பது மறைமலை நகர். அங்கு அந்நாளில் இயங்கிய சீருந்துத் தொழிலகம் ஒன்று 2021 சனவரியில் சில நாள் அடைபட்டுக் கிடந்தது. இரும்புக்குக் குறைவில்லை, உழைக்கும் கைகளுக்கும் குறைவில்லை, விரல் நகத்தளவான மின்னணுச் சில்லுக்கே பஞ்சம்!

அடுத்த திங்களில் அமெரிக்காவின் டெக்சாசில் கடும்பனி. மார்ச்சுத் திங்களில் சப்பானின் நாக்கா ஆலையில் தீ. அங்கெல்லாம் சில்லாக்கம் நின்றது. இங்கோ, முன்பணம் கட்டியவர் திங்கட்கணக்கில் காத்துச் சலித்தனர்.

விற்பனையாளரை வைது பயனென்ன? அவரும் கையேந்தியே நின்றார். பூட்டுவது இங்கே, படைப்பது அங்கே என்றிருக்கும்வரை, எங்கோ பெய்யும் பனியும் எங்கோ பற்றும் தீயும் தமிழன் வீட்டு வாயிலில் வந்து தடுக்கும்.

இரவற் சொல்லையே நம்பிய மொழி சொல்லாக்கும் திறனை இழக்கும்; இரவல் உறுப்பையே நம்பிய நாடு தொழிலாக்கும் திறனை இழக்கும். இரண்டும் ஒரே நோய்.

ஆகவே, சீருந்து வாங்குவோர் விலையையும் நிறத்தையும் கேட்பதோடு அமையற்க. ‘இதன் உறுப்புகள் எங்கே பிறந்தன?’ என்றும் கேட்க! பல்லாயிரவர் கேட்டால் ஆலையார் செவி சாய்ப்பர். தமிழிளைஞர் சில்லாக்கும் கலையைத் தமிழிலேயே கற்க! கற்றதை இம்மண்ணிலேயே படைக்க!