உயர்தரப் பாடத் தெரிவு: பெற்றோரும் பிள்ளைகளும் சிந்திக்க வேண்டியவை

 

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் எமது உயிரிலும் மேலான நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் எமது இல்லங்கள் பலவற்றிலும் ஒரே கேள்வி எழுகின்றது. “பிள்ளை உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுப்பது?” இக்கேள்வி நல்ல கேள்விதான். ஆனால், விடை தேடும் முறையிலேயே பலர் வழி தவறுகின்றனர். அடுத்த வீட்டுப் பிள்ளை விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்ததனால் தன் பிள்ளையும் சேர வேண்டும் என்கிறார் வாப்பா. தோழிகள் கலைப் பிரிவில் சேர்ந்ததனால் தானும் அதிலேயே சேர்கிறாள் மகள். இவ்வாறு ஒரு வார காலத்துக்குள் எடுக்கப்படும் முடிவு, ஒரு பிள்ளையின் இளமைக் காலத்தின் பல வருடங்களைத் தீர்மானித்து விடுகின்றது.

பெற்றோர்களே! பயணம் செல்பவர் போகுமிடத்தை முடிவு செய்த பின்னரே பஸ்ஸில் ஏறுகிறார். பாடத் தெரிவும் அவ்வாறுதான் அமைய வேண்டும். பிள்ளை பல்கலைக்கழகத்தில் எதனைக் கற்க விரும்புகின்றது என்பதை முதலில் கேளுங்கள். அதிலிருந்து பின்னோக்கி வந்து பாடங்களைத் தெரிவு செய்யுங்கள்.

மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றும் வேண்டும். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். உயிரியல் பிரிவில் பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானத்தை எடுத்த மாணவருக்கு விவசாயக் கற்கைநெறியின் வாயில் திறந்திருக்கும். மருத்துவ பீடத்தின் வாயிலோ அன்றே மூடப்பட்டு விடும். சட்டத்துறைக்கு எந்தப் பிரிவு மாணவரும் விண்ணப்பிக்கலாம். கட்டடக்கலை போன்ற சிலவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. வேறு சில கற்கைநெறிகள் சாதாரண தரத்தில் கணிதம், ஆங்கிலம் ஆகிய பாடங்களின் சித்தியையும் பார்க்கின்றன. இவையாவும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலில் தெளிவாக உள்ளன. எம்மில் பலர் அந்நூலை உயர்தரப் பெறுபேறு வந்த பின்னரே கையில் எடுக்கின்றனர். அதனைத் திறக்க வேண்டிய நாள் பாடம் தெரிவு செய்யும் நாளாகும்.

“இலகுவான பாடத்தை எடுத்தால் அதிக புள்ளி கிடைக்கும்” என்ற எண்ணமும் எம்மிடையே பரவியுள்ளது. 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் அடிப்படையிலேயே இடம்பெறுகின்றது. அது வெறும் புள்ளியைப் பார்ப்பதில்லை. அதே பாடத்துக்குத் தோற்றிய ஏனையோரின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே நிற்கின்றீர்கள் என்பதையே பார்க்கின்றது. உதாரணமாக, ஒரு பாடத்தில் சராசரி 70, மற்றொன்றில் 40, இரண்டிலும் புள்ளிகளின் பரவல் சமம் என்று வைத்துக்கொள்வோம். முதற் பாடத்தில் 75 பெற்றவரைவிட இரண்டாவதில் 60 பெற்றவரே மேலே நிற்பார். எனவே இலகுவான பாடம் என்பதைவிட, பிள்ளைக்கு இயல்பாக வரும் பாடம் எது என்பதே முக்கியமானது.

அடுத்து, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. புத்தளம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகியன அப்பதினாறில் அடங்கும். ஆகவே கொழும்பின் வெட்டுப்புள்ளியைக் கேட்டு மனம் தளராதீர்கள். உங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பாருங்கள்.

சகோதரர்களே! பிள்ளையின் ஆற்றல் அல்லாஹ் எம்மிடம் ஒப்படைத்த அமானிதம். விருப்பமில்லாத மகனை மருத்துவராக்க முயன்று, அவன் மூன்று முறையும் பரீட்சை எழுதி, மனமுடைந்து நிற்பதைக் காணும் பெற்றோர் எம் ஊர்களில் உள்ளனர். பல்கலைக்கழக அனுமதிக்கான வாய்ப்பு அம்மூன்றுடன் முடிந்துவிடும். மறுபுறத்தில், கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் விசேட சித்தி பெற்ற மகளை, “ஊர்ப் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை, பெண் பிள்ளைதானே” என்று கூறி நிறுத்துவோரும் உள்ளனர். இரண்டும் அமானிதத்துக்குச் செய்யும் குறைவேயாகும். பக்கத்து ஊர்ப் பாடசாலையில் இடமுண்டா, பாதுகாப்பான போக்குவரத்து ஒழுங்கு செய்ய முடியுமா என்று விசாரிப்பது எமது கடமையல்லவா?

கலைப் பிரிவும் இழிவானதன்று. அரபு, இஸ்லாம், புவியியல், தமிழ் ஆகியவற்றை ஆர்வத்துடன் கற்போருக்கு ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் வாய்ப்புண்டு. வேறு வழியின்றி அதில் ஒதுங்குவதே பிழையாகும்.

அருமை மாணவச் செல்வங்களே! உங்கள் விருப்பத்தைப் பணிவுடன், காரணத்துடன் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஆசிரியர்களிடமும், அத்துறையில் கற்கும் நானாமார், தாத்தாமாரிடமும் கேளுங்கள். இரண்டாவது, மூன்றாவது தெரிவையும் குறித்து வையுங்கள். திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வியியற் கல்லூரிகள் என வேறு பாதைகளும் உள்ளன.

மஷூரா செய்யுங்கள், பின்னர் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாராச் செய்யுங்கள். தேடிப் பார்க்காமல் துஆவை மட்டும் நம்பியிருப்பதும், துஆவை மறந்து தேடலை மட்டும் நம்பியிருப்பதும் முஃமினுக்கு அழகல்ல.

எமது பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ள கல்வியாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.