எழுத விரும்பும் தோட்டத்து இளைஞர்களுக்கு

(காஹாங்கில் தோட்டத் தொழிலாளர் இளைஞர் கூட்டத்தில் மேடைக் கவிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



எழுத விரும்பும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் புத்தகம் போட்ட புலவன் அல்லன். மேடையில் நின்று கவிதை சொல்லுகிறவன். எதிரே உட்கார்ந்திருக்கும் மக்களே எனக்கு நீதிபதிகள். அவர்களிடம் நான் கற்ற பாடத்தையே இங்கே சொல்லப்போகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில், பால்வெட்டுப் பெண்களைப் பற்றி நீண்ட கவிதை ஒன்று சொன்னேன். எதுகையும் மோனையும் துள்ளி விளையாடின. கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின் ஓர் அம்மா வந்து, "ரொம்ப நல்லாச் சொன்னீங்க தம்பி. யாரைப் பத்திச் சொன்னீங்க?" என்று கேட்டார். வாழ்நாள் முழுதும் பால் வெட்டியவர் அவர்! அவரைப் பற்றிய கவிதை அவருக்கே போய்ச் சேரவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கவிதையை எடுத்துப் பார்த்தேன். அதிலே தாமரை இருந்தது, அன்னம் இருந்தது. உளி இல்லை, மங்கு இல்லை, வாளி இல்லை, தோளில் காண்டாக் கம்பு போட்ட தழும்பு இல்லை. ஆகவே என் முதல் யோசனை இதுதான்: கண்டதை எழுதுங்கள், கண்டதற்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயராலேயே எழுதுங்கள்.

மழையைப் பற்றி எழுது என்றால் நம் இளைஞர் உடனே மயிலை ஆடவிடுகிறார். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சடக்கில் இருக்கும் இந்தக் காஹாங்கில், ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் என்ன நடக்கிறது? பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரமெங்கும் வழிந்துபோகும். மங்கில் விழுந்த பாலிலும் தண்ணீர் சேரும். அன்றைக்கு வெட்டு இல்லை; கடைக் கணக்குதான் ஏறும். விடியுமுன் கூரையில் விழும் முதல் துளியைக் கேட்டு ஒரு தாய் பாயில் எழுந்து உட்காருகிறாளே, அதுவன்றோ நம் மழைக் கவிதை!

இரண்டாவது யோசனை: எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். படிக்கும்போது மூச்சு முட்டினால் வரி நீளம் என்று பொருள். கேட்பவர் "என்ன?" என்றால் சொல் கடினம் என்று பொருள். வீட்டில் பாட்டி இருந்தால் அவருக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், எளிய சொல்லும் எளிய நடையும் மக்கள் விரும்பும் மெட்டும் வேண்டுமென்று வற்புறுத்தினார். அவ்வளவு பெரிய புலவர் எளிமையை நாடும்போது நமக்கு என்ன ஆடம்பரம்?

மூன்றாவது: கணக்குத் தவறக்கூடாது. ஒரு நாள் சம்பளத்தைத் தப்பாக எழுதினால், கண்ணீரை எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் எவரும் நம்பமாட்டார். கிராணித் தம்பிக்குச் செக்ரோல் தெரியும். பால்வெட்டும் தம்பிக்கு மரம் தெரியும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் அந்தக் கட்டுரையை அசைக்க யாரால் முடியும்?

"பாட்டால் என்ன ஆகும்?" என்று சிலர் கேட்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கோ. நடேசய்யர் தொழிலாளர் சங்கம் கட்டியபோது, அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களில் பாடினார். பாரதியார் பாடல்களைப் பாடினார். தாமே பாட்டுக் கட்டியும் பாடினார். 1939இல் இலங்கை அரசாங்கம் தன் இலாகாக்களில் தினக்கூலிகளாக இருந்த இந்தியர்களை நீக்க முற்பட்டது. 1940இல் அம்மையார், இலங்கையில் இந்தியர் படும் பாட்டைச் சொல்லும் தம் பாடல்களை நூலாக வெளியிட்டார். எழுத்தறியாத தொழிலாளியும் பாட்டைக் காதால் வாங்கி, அடுத்த லயத்துக்கு வாயால் கொண்டு போகலாம் அல்லவா?

அதே மலைநாட்டில், 1947இல் பாராளுமன்ற உறுப்பினரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, சங்க வேலையோடு தோட்ட மக்களின் வாய்ப்பாடல்களையும் தேடித் தொகுத்தார். அவர் தொகுத்ததால் அவை பிழைத்தன.

நம் நாட்டிலும் வழி காட்டியவர்கள் உண்டு. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தி, எழுத்தில் புதியவர்களைப் பயிற்றுவித்தார்கள். 1924இல் பிறந்த அந்தத் தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. பால்மரம் நின்ற காடுகள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பெரட்டு, ஒட்டுப்பால், ஆயக்கொட்டகை என்ற சொற்களின் பொருளைப் பேரப்பிள்ளைகள் கேட்கும் காலம் வந்துவிட்டது. சொன்னவர்கள் போய்விட்டால் யாரிடம் கேட்பது?

ஆகவே, இளைஞர்களே, உங்களிடம் கவிதை கேட்டு நான் வரவில்லை. ஒரு வேலை தந்துவிட்டுப் போகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பெரியவரிடம் போய் உட்காருங்கள். அவர் பாடிய தாலாட்டோ ஒப்பாரியோ, முதல் நாள் உளி பிடித்த கதையோ, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வாருங்கள். திருத்தாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். "ஆமாம், இது நான்தான்" என்று அவர் சொன்னால், அன்றைக்கு நீங்கள் எழுத்தாளர் ஆகிவிட்டீர்கள்.

எனக்கு அந்த வார்த்தை கிடைக்க வெகுநாள் ஆயிற்று. கேள்வி கேட்ட அந்த அம்மாவிடமே திரும்பிப் போய், திருத்திய கவிதையைச் சொன்னேன். அவர் கைதட்டவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி சொல்லுங்க தம்பி" என்றார். அதற்குமேல் எனக்கு வேறு பரிசு வேண்டியதில்லை.