எழுதியவரே பாடும்போது

கரோல் கிங் என்ற அமெரிக்கப் பாடகியின் இசைத்தட்டு ஒன்றைப் பற்றி இன்று பேசலாம். 1971 ஜூன் 18 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் அவர் பியானோ வாசித்தபடி பாடிய கச்சேரி அது. வெளிவந்தது 1996-இல்தான்.

அதற்கு முந்தைய பத்தாண்டில் அவர் பேர் வாங்கியது பெரும்பாலும் அடுத்தவர் குரலில். 1960-களில் ஜெரி காஃபின் வரி எழுத, இவர் மெட்டமைக்க, வேறு குழுக்கள் பாடிப் புகழடைந்தன. அந்தப் பழைய பாட்டுகளையும் கார்னகி மேடையில் தானே பாடினார். மெருகான குரல் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தச் சொல்லில் நிற்க வேண்டும், எதைத் தாண்டிப் போக வேண்டும் என்பது மெட்டுப் போட்டவருக்குத் தெரிகிறது. குரல் தயங்கினால் விரலும் தயங்குகிறது. பக்கவாத்தியக்காரருக்குக் கண்ஜாடை காட்ட வேண்டியதில்லை.

நம் பக்கம் பாருங்கள். ஸ்ரீரங்கத்துக்கு வந்த தியாகராஜர் அரங்கன்மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். தோடியில் ஒன்று, காம்போதியில் ஒன்று, ஆரபியில் ஒன்று என்று இன்றும் கேட்கிறோம், எல்லாம் சீடர் வழி வந்த குரல்களில். அவர் எங்கே மூச்சு வாங்கினார் என்பது யாருக்குத் தெரியும்?

ஒலிப்பதிவு வந்த காலத்தில், நம்மூரில் பாடிக்கொண்டே வாசிக்கத் தோதான கட்டை வாத்தியம் ஆர்மோனியம். இடக்கை துருத்தியை அசைக்க, வலக்கை கட்டைகளில் ஓடும். நாடகக் கொட்டகை, பஜனை மடம், தேவாலயம் எல்லாவற்றிலும் அது இருந்தது. சங்கீத வித்துவான்களுக்கு மட்டும் ஆகாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அதில் வழியில்லை. அந்தக் கமகம் இல்லாமல் தோடி ஏது என்றார்கள். நியாயம்தான். பியானோவுக்கும் அதே குறை உண்டு.

எங்கள் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939 மே 16. ஓராண்டுகூட நிறையவில்லை, 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. தளர்த்த முப்பது வருஷம் ஆயிற்று. கமகத்தைக் காப்பாற்றப் போட்ட தடை, கமகமே தேவைப்படாத மெல்லிசைப் பாட்டுக்கும் சேர்த்து விழுந்தது. தானே எழுதி, தானே வாசித்துப் பாடும் ஒருவர் அந்த நாளில் உறையூரிலிருந்தோ ஸ்ரீரங்கத்திலிருந்தோ இங்கே வந்திருந்தால், பெட்டியை வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் நாங்கள் சொல்லியிருப்போம்.